செவ்வாயில் ஏற்கெனவே உயிர் இருந்தால்? முதல் மனிதப் பயணத்துக்கு முன் விடை தெரிய வேண்டிய கேள்வி

2025 செப்டம்பரில் "செவ்வாயில் உயிரின் தடம்" என்ற செய்தி உலகம் முழுக்க ஓடியது. செவ்வாய்க்கு மனிதரை அனுப்பப் போகிறோம் என்ற அறிவிப்புகளும் சில ஆண்டுகளாக வந்துகொண்டே இருக்கின்றன. தனித்தனியாகப் படித்தால் இரண்டும் நல்ல செய்திகள். சேர்த்துப் படித்தால் ஒரு சிக்கல் தெரியும். அங்கே இன்றும் உயிர் இருக்கிறதென்றால், மனிதர் முதன்முறையாக உயிர் குடியிருக்கும் இன்னொரு கோளில் கால் வைக்கப் போகிறார்கள். அந்தப் பயணத்தில் ஆபத்து யாருக்கு? போகிறவர்களுக்கா, அங்கே இருப்பதற்கா, இங்கே இருக்கும் நமக்கா?

மூவருக்கும் உண்டு. முதலாவதைப் பற்றித்தான் நிறையப் பேசுகிறோம். மற்ற இரண்டும் அதோடு எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

உண்மையில் என்ன கிடைத்தது?

நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தி 2021 பிப்ரவரி 18 முதல் ஜெசிரோ என்னும் பெரும்பள்ளத்தில் வேலை செய்கிறது. பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் பள்ளத்தில் ஏரி இருந்தது. அதற்குள் ஆறு வந்து விழுந்த தடம் இன்றும் தெரிகிறது. 2024 ஜூலையில் அந்தப் பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஊர்தி ஒரு பாறையைக் கண்டது. அதற்குச் செயாவா ஃபால்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பாறை முழுக்கச் சிறுத்தைத் தோல் போலப் புள்ளிகள். புள்ளிகளில் இரண்டு தாதுக்கள் இருப்பதற்கான சான்று கிடைத்தது: இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த விவியனைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கிரைகைட். கூடவே கரிமப் பொருளும், அதாவது கார்பனை அடிப்படையாகக் கொண்ட சேர்மங்களும், இருந்தது.

நம் பூமியில் சேற்றுக்குள் இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால், பெரும்பாலும் அங்கே நுண்ணுயிர் உண்டு வாழ்ந்திருக்கும். உயிர் இல்லாமலும் சில வேதிவினைகளால் இவை உருவாகலாம். ஆனால் அவற்றில் பலவற்றுக்கு அதிக வெப்பம் வேண்டும். அந்தப் பாறை அப்படிச் சூடானதாகத் தெரியவில்லை. 2025 செப்டம்பர் 10 அன்று நேச்சர் இதழில் வந்த ஆய்வுக் கட்டுரை இதை "உயிரடையாளமாக இருக்க வாய்ப்புள்ளது" என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. உயிரடையாளம் என்றால், உயிர் இருந்ததற்குச் சான்றாகக் கொள்ளத்தக்க பொருள், வடிவம் அல்லது வேதிச் சேர்க்கை. "வாய்ப்புள்ளது" என்ற சொல்லைச் செய்தித் தலைப்புகள் விழுங்கிவிட்டன. குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

அதனால் இப்போதைக்கு நம் முன் இருப்பவை மூன்று சாத்தியங்கள்:

1. செவ்வாயில் உயிர் ஒருபோதும் இருந்ததில்லை.
2. ஏரிகள் இருந்த காலத்தில் உயிர் இருந்தது, பிறகு அழிந்துவிட்டது.
3. அன்று இருந்தது, இன்றும் நிலத்துக்கு அடியில் எங்கோ இருக்கிறது.

மூன்றாவதைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. செவ்வாயின் மேற்பரப்பு கொடியது: சராசரி வெப்பநிலை மைனஸ் 60 டிகிரி அளவில் இருக்கிறது, காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, புற ஊதாக் கதிர் தடையில்லாமல் இறங்குகிறது. ஆனால் கீழே போகப் போக வெப்பம் கூடும், கதிர் குறையும். செவ்வாயில் இறங்கிய நாசாவின் இன்சைட் கலம் பதிவு செய்த நில அதிர்வுகளை வைத்து 2024இல் வந்த ஓர் ஆய்வு, 11 முதல் 20 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை இடுக்குகளில் நீர் இருக்கலாம் என்றது. பூமியில் கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில், சூரிய ஒளியே படாத பாறைக்குள் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அங்கேயும் அப்படி இருக்கலாம் என்று எண்ண இடமிருக்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் வரை, பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் மூன்றாவது சாத்தியத்தை உண்மையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, செவ்வாயை மட்டும் ஏன் பேசுகிறோம்? மற்ற விண்மீன்களைச் சுற்றும் கோள்களுக்கு மனிதர் போகும் வழியே கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. மிக அருகிலுள்ள பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. சூரிய மண்டலத்தை விட்டு வெளியேறும் வாயேஜர் 1 விண்கலம் போகும் வேகத்தில், அதாவது நொடிக்கு 17 கிலோமீட்டரில் போனாலும், போய்ச் சேர ஏறக்குறைய 75,000 ஆண்டு ஆகும். நம் ஆயுளுக்குள் மனிதர் போகக்கூடிய, உயிர் இருக்க வாய்ப்புள்ள ஒரே கோள் செவ்வாய்தான்.

போகிறவர்களுக்கு என்ன ஆபத்து?

முதல் ஆபத்து நாள்காட்டியில் இருக்கிறது. பூமியும் செவ்வாயும் பயணத்துக்கு வசதியாக அமையும் வாய்ப்பு 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். போக ஆறு முதல் ஒன்பது மாதம். திரும்பி வரவும் கோள்கள் மறுபடி அப்படி அமைய வேண்டும். அதற்காக அங்கே ஏறக்குறைய 500 நாள் காத்திருக்க வேண்டும். மொத்தத்தில் இரண்டரை முதல் மூன்று ஆண்டு.

1970இல் அப்போலோ 13 கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, நிலவைச் சுற்றிச் சில நாட்களில் பூமிக்குத் திரும்ப முடிந்தது. செவ்வாய்க்குக் கிளம்பிய கலத்துக்கு அந்த வழி கிடையாது. கிளம்பிய இரண்டாம் மாதம் ஒருவருக்கு உயிர்போகும் நோய் வந்தாலும் பயணம் தொடர வேண்டியதுதான். சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்த ஒருவருக்குக் கழுத்துச் சிரையில் இரத்தக்கட்டி இருப்பது தெரிந்தபோது, பூமியிலிருந்த மருத்துவர்கள் நேரடியாக வழிகாட்டினார்கள். பிறகு ஒரு சரக்குக் கலத்தில் மாத்திரை போய்ச் சேர்ந்தது. செவ்வாய்க்குச் சரக்குக் கலம் அப்படி நினைத்த நேரத்தில் போகாது. பேசுவதற்கே ஒரு வழிக்கு மூன்று முதல் இருபத்திரண்டு நிமிடம் ஆகும். "இரத்தம் நிற்கவில்லை, என்ன செய்ய?" என்று கேட்டுவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது கதிர்வீச்சு. கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குப் போகும்போதே கலத்துக்குள் கதிர்வீச்சை அளந்துகொண்டு போனது. அதனால் நம்மிடம் நேரடி அளவீடு இருக்கிறது. கணக்கு இப்படி வரும்:

1. பயணத்தில் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 1.8 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). போக வர 360 நாள் என்றால் சுமார் 660.
2. செவ்வாய் நிலத்தில் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 0.64. அங்கே 500 நாள் என்றால் 320.
3. மொத்தம் 1,000 மில்லிசீவர்ட்டை ஒட்டி வருகிறது.

பூமியில் இயற்கையாக ஒருவர் ஓர் ஆண்டில் வாங்கும் கதிர்வீச்சு சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். அதாவது 400 ஆண்டு வாங்க வேண்டியதை மூன்றே ஆண்டில் வாங்குகிறார்கள். ஒரு விண்வெளி வீரரின் பணிக்காலம் முழுவதற்கும் நாசா வைத்திருக்கும் வரம்பே 600 மில்லிசீவர்ட்தான். பயணம் அந்த வரம்பை உடைத்துவிட்டுத்தான் நடக்கும். இதில் சூரியப் புயல் சேரவில்லை. 1972 ஆகஸ்டில் பெரிய சூரியப் புயல் ஒன்று அடித்தது. அப்போலோ 16 ஏப்ரலில் திரும்பியிருந்தது, அப்போலோ 17 டிசம்பரில்தான் கிளம்பியது. இடையில் அடித்ததால் யாரும் மாட்டிக்கொள்ளவில்லை.

உடல் தேய்வதும் தெரிந்த விஷயம். எடையில்லாத நிலையில் இடுப்பு, கால் எலும்புகள் மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு அடர்த்தியை இழக்கின்றன. பார்வை மங்குகிறது. ஒரே மூச்சில் அதிக நாள் விண்வெளியில் இருந்தவர் ரஷ்யாவின் வலேரி பொல்யாகோவ், 437 நாள். அதைப் போல இரண்டு மடங்குக்கும் கூடுதலான காலம் பூமியை விட்டு இருக்கப் போகும் பயணம் இது.

அப்புறம் இறங்குவது. செவ்வாயின் காற்று கலத்தைச் சுட்டெரிக்கும் அளவுக்கு இருக்கிறது, அதன் வேகத்தை முழுதாகக் குறைக்கும் அளவுக்கு இல்லை. இதுவரை அங்கே பத்திரமாக இறக்கிய மிகப் பெரிய ஊர்தி பெர்சிவியரன்ஸ். எடை 1,025 கிலோ. மனிதரை இறக்கும் கலம் 20 டன்னாவது இருக்கும். பாராசூட் அந்த எடைக்குப் பயன்படாது. ராக்கெட்டை எரித்துக்கொண்டே இறங்க வேண்டும். அந்த ராக்கெட் தீயும் புகையும் இறங்கும் இடத்து மண்ணைத் தோண்டி வீசும். இந்தக் கடைசி விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதரோடு கூடவே போகிறவை

ஒரு மனித உடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. குடலில், தோலில், வாயில், மூச்சில். நான்கு பேரை அனுப்புவது என்றால், நான்கு பேரையும் அவர்கள் சுமந்து வாழும் இந்தப் பெருங்கூட்டத்தையும் அனுப்புவது.

இயந்திரம் போகும்போது கட்டுப்பாடு வேறு. 1967இன் விண்வெளி ஒப்பந்தம் ஒன்பதாம் பிரிவில் இரண்டு கடமைகளைச் சொல்கிறது: மற்ற விண்பொருள்களைக் கேடு விளைவிக்கும்படி மாசுபடுத்தக் கூடாது, அங்கிருந்து வரும் பொருளால் பூமியின் சூழலுக்குக் கேடு வரக் கூடாது. முதலாவதைப் போகும் வழி மாசு என்றும், இரண்டாவதை வரும் வழி மாசு என்றும் வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் தடுக்கும் துறைக்குக் கோள் பாதுகாப்பு என்று பெயர். காஸ்பார் என்னும் பன்னாட்டு அறிவியல் குழு இதற்கான விதிகளை வகுக்கிறது. அதன்படி, உயிரைத் தேடும் கருவி இல்லாத கலம் செவ்வாயில் இறங்கினாலும் அதன் வெளிப்பரப்புகளில் மொத்தம் 3 லட்சம் நுண்ணுயிர் வித்துகளுக்கு மேல் இருக்கக் கூடாது. சதுர மீட்டருக்கு 300. வித்து என்றால், வெப்பத்தையும் வறட்சியையும் தாங்க நுண்ணுயிர் தன்னைச் சுருட்டிக்கொள்ளும் உறங்கு நிலை.

இயந்திரத்துக்கு 3 லட்சம். ஒரு மனிதருக்கு 38 லட்சம் கோடி. இரண்டு எண்களும் ஒரே வகையான அளவு இல்லை என்பது சரிதான், ஒன்று வித்து, மற்றது உயிரணு. இருந்தாலும் இடைவெளி எவ்வளவு பெரியது என்று புரியும். இயந்திரத்தைச் சூடாக்கிக் கிருமி நீக்கலாம், எரிசாராயத்தால் துடைக்கலாம். மனிதரை என்ன செய்வது?

துடைப்பதும் முழுதாகப் பலிப்பதில்லை. விண்கலங்களைக் கட்டும் தூய்மை அறைகளில் உணவே கிடைக்காத நிலையிலும் சில பாக்டீரியாக்கள் பிழைக்கின்றன. டெர்சிகாக்கஸ் ஃபீனிசிஸ் என்ற ஒன்று ஃபுளோரிடாவிலும் தென் அமெரிக்காவின் கூரூவிலும் இருந்த தூய்மை அறைகளில் கிடைத்தது. வேறெங்கும் பார்த்திராத இனம். விண்வெளி நிலையத்தில் 40 மாதம் ஓடிய ஒரு காற்று வடிகட்டியிலும் புதிய பாக்டீரியா ஒன்று கிடைத்தது. அதற்குச் சோலிபேசில்லஸ் கலாமி என்று அப்துல் கலாமின் பெயரை வைத்தவர்கள், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் கோள் பாதுகாப்புத் துறையில் வேலை செய்த கஸ்தூரி வெங்கடேஸ்வரனின் குழுவினர். அதே ஆய்வகமும் சென்னை ஐஐடியும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், நிலையத்துக்குள் வாழும் என்டரோபாக்டர் புகாண்டென்சிஸ் என்ற பாக்டீரியாவின் 13 வகைகள் பல மருந்துகளுக்கு அடங்காதவையாக இருந்தன. பூமியில் உள்ள அதே இனத்திலிருந்து மரபணுவில் விலகியும் இருந்தன. மூடிய கலத்துக்குள் நுண்ணுயிர் சும்மா இருப்பதில்லை, மாறிக்கொண்டே இருக்கிறது.

வெளியே போட்டால் செத்துவிடாதா? பெரும்பாலானவை செத்துவிடும். எல்லாமும் சாகாது. டைனோகாக்கஸ் என்ற பாக்டீரியாவைச் சிறு கட்டிகளாக உலர்த்தி, விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் மூன்று ஆண்டு வைத்துப் பார்த்தார்கள். கட்டியின் மேல் அடுக்கு செத்துப்போய் உள்ளே இருந்தவற்றுக்குக் குடை பிடித்தது. உள்ளே இருந்தவை பிழைத்தன. செவ்வாயில் ஓர் அரை மில்லிமீட்டர் தூசி மூடினாலே அந்தக் குடை கிடைத்துவிடும்.

விண்வெளி உடை கசியும். தங்குமிடத்தின் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் உள்காற்று கொஞ்சம் வெளியே போகும். கழிவு சேரும், நிலவில் அப்போலோ வீரர்கள் விட்டுவந்த கழிவுப் பைகள் இன்றும் அங்கேயே கிடக்கின்றன. இறங்கும்போது கலம் நொறுங்கினால், எல்லாமே ஒரே நாளில் வெளியே வந்துவிடும். அதன் மேல் கோள் முழுவதையும் மூடும் புழுதிப் புயல்கள் செவ்வாயில் வரும். 2018இல் வந்த புயல்தான் ஆப்பர்சூனிட்டி ஊர்தியை மௌனமாக்கியது. அந்தப் புழுதி எதையும் எங்கும் கொண்டுபோகும்.

மாசு பட்டால் என்ன போச்சு?

நியாயமான கேள்வி. பதிலை 1976இல் தேடலாம்.

அந்த ஆண்டு வைக்கிங் 1, வைக்கிங் 2 என்று இரண்டு கலங்கள் செவ்வாயில் இறங்கின. கிளம்பும் முன் ஒவ்வொன்றையும் 110 டிகிரிக்கு மேல் ஒரு நாளுக்கும் கூடுதலாகச் சுட்டிருந்தார்கள். அவற்றில் ஒரு சோதனை, மண்ணில் ஊட்டச்சத்துக் கரைசலைச் சொட்டிவிட்டு வாயு வருகிறதா என்று பார்த்தது. வந்தது. மண்ணை முன்கூட்டியே சூடாக்கினால் வரவில்லை. உயிர் இருந்தால் எப்படி நடக்குமோ அப்படியே நடந்தது. ஆனால் மண்ணில் கரிமப் பொருள் இருக்கிறதா என்று தேடிய இன்னொரு கருவி, இல்லை என்றது. அது கண்டதெல்லாம் குளோரோமீத்தேன் போன்ற சில எளிய குளோரின் சேர்மங்கள். அவை பூமியில் கலத்தைக் கழுவிய திரவத்தின் மிச்சமாக இருக்கும் என்று முடிவு கட்டினார்கள்.

32 ஆண்டு கழித்து, 2008இல், ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பைக் கண்டது. பெர்குளோரேட்டோடு சேர்த்துச் சூடாக்கினால் கரிமப் பொருள் எரிந்துவிடும். எரிந்தபின் குளோரோமீத்தேன் போன்றவை மிஞ்சும். அப்படியானால் 1976இல் கண்டது கழுவிய திரவமா, செவ்வாயின் சொந்தக் கரிமப் பொருள் எரிந்த மிச்சமா? அரை நூற்றாண்டு ஆகிறது, விவாதம் தீரவில்லை. அத்தனை கவனமாகச் சுட்டு அனுப்பிய கலத்திலேயே, "இது நம்முடையதாக இருக்கலாம்" என்ற ஒரு சந்தேகம் இவ்வளவு காலம் விடையை மறைத்திருக்கிறது.

மனிதர் இறங்கிய பிறகு அந்தச் சந்தேகம் நிரந்தரமாகிவிடும். 2050இல் ஒருவர் செவ்வாய் மண்ணில் ஒரு பாக்டீரியாவைக் கண்டால், அது அங்கே பிறந்ததா, முதல் கலத்தில் வந்ததா என்று கேட்பார்கள். மரபணு முற்றிலும் வேறாக இருந்தால் பதில் எளிது. பூமியின் உயிரோடு ஒத்திருந்தால்? முன்னொரு காலத்தில் விண்கல்லில் ஏறி ஒரு கோளிலிருந்து மற்றதற்கு உயிர் போயிருக்கலாம் என்ற கருத்து இருக்கிறது. நம் மூதாதை செவ்வாயிலிருந்து வந்ததா என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடிய ஒரே சான்றையும் நாமே குழப்பியிருப்போம். பிரபஞ்சத்தில் உயிர் ஒருமுறை மட்டும் தோன்றியதா, இரண்டு முறையா என்பதை அறிய மனித குலத்துக்குக் கிடைத்திருக்கும் மிக அருகிலுள்ள இடம் இது. இதைக் கெடுப்பது அறிவியலுக்கு மட்டும் இழப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

அங்கே உயிர் இருந்தால், அதற்கும் ஓர் உரிமை இருக்கிறதே. நுண்ணுயிர்தானே என்று விட்டுவிட முடியாது. பூமியில் முதல் இருநூறு முந்நூறு கோடி ஆண்டுகள் நுண்ணுயிர் மட்டும்தான் இருந்தது.

தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் சிக்கல்

கோள் பாதுகாப்பு விதிகள் செவ்வாயில் சில இடங்களைத் தனிப் பகுதிகள் என்று குறிக்கின்றன. பூமியின் நுண்ணுயிர் பெருகக்கூடிய இடங்கள்: வெப்பநிலை மைனஸ் 28 டிகிரிக்கு மேல், போதுமான ஈரம். மற்ற கலங்களைவிடப் பல மடங்கு தூய்மையான கலம்தான் அங்கே போகலாம். செவ்வாய்க்குச் சொந்தமான உயிர் இருந்தாலும் அது இருக்க வாய்ப்புள்ள இடங்களும் இவைதான்.

இப்போது பயணத்தின் தேவையைப் பாருங்கள். நான்கு பேர் செவ்வாயிலிருந்து மேலே கிளம்ப ஏறக்குறைய 7 டன் எரிபொருளும் 25 டன் ஆக்சிஜனும் வேண்டும். இதையெல்லாம் பூமியிலிருந்து சுமந்து போவது மிகப் பெரிய சுமை, அதனால் அங்கேயே தயாரிக்கத் திட்டமிடுகிறார்கள். பெர்சிவியரன்ஸில் இருந்த மோக்சி என்ற கருவி செவ்வாயின் கரியமில வாயுவிலிருந்து ஆக்சிஜன் எடுத்துக் காட்டியது. 16 முறை இயங்கி மொத்தம் 122 கிராம். எரிபொருளாக மீத்தேன் தயாரிக்க ஹைட்ரஜன் வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும், அதற்குப் பனிக்கட்டி வேண்டும். குடிக்கவும் அதுவே.

ஆக, மனிதருக்கு நிலத்தடிப் பனி உள்ள இடம் வேண்டும். அங்கே ராக்கெட் தீயோடு இறங்கி, தோண்டி, சூடாக்கி, உருக்க வேண்டும். பனியை உருக்கினாலே அந்த இடம் செயற்கையாக ஒரு தனிப் பகுதி ஆகிவிடும்: வெப்பம், ஈரம், கூடவே நம் நுண்ணுயிர். போகிறவர்கள் உயிர் பிழைக்கத் தேவையானதும், அங்குள்ள உயிர் பிழைத்திருக்கக்கூடியதும் ஒரே இடம். இந்தப் பயணத்தின் முடிச்சு இதுதான் என்று நினைக்கிறேன். வேறெந்த ஆபத்தையும் நல்ல பொறியியல் குறைத்துவிடும். இதைக் குறைக்க, எங்கே இறங்குவது என்ற முடிவையே மாற்ற வேண்டும்.

திரும்பி வரும்போது

வரும் வழி மாசுக்கு நமக்கு ஒரு முன்னனுபவம் இருக்கிறது. 1969 ஜூலை 24 அன்று அப்போலோ 11 பசிபிக் கடலில் இறங்கியது. நிலவில் கிருமி இருக்காது என்றுதான் பெரும்பாலோர் நம்பினார்கள். இருந்தாலும் மூன்று வீரர்களையும் 21 நாள் தனிமையில் வைக்க ஏற்பாடு. ஹூஸ்டனில் அதற்கென்றே ஓர் ஆய்வகம் கட்டியிருந்தார்கள்.

ஏற்பாட்டில் இருந்த ஓட்டை கடலிலேயே தெரிந்தது. கலத்தை மூடியபடியே கப்பலுக்குத் தூக்கிவிட்டால்தான் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். ஆனால் ஆளோடு கலத்தைக் கிரேனில் தூக்குவது ஆபத்து, வெப்பமான கடலில் கலத்துக்குள் நெடுநேரம் உட்கார்ந்திருப்பதும் கடினம். அதனால் மிதந்துகொண்டிருக்கும்போதே கதவைத் திறந்தார்கள். தனிமை உடைகளை உள்ளே கொடுத்து, வீரர்களை ரப்பர் படகுக்கு மாற்றினார்கள். நிலவின் தூசி படிந்த கலத்தின் காற்று அந்த நொடியே பூமியின் காற்றோடு கலந்துவிட்டது. ஹூஸ்டன் ஆய்வகத்திலும் கையுறை கிழிந்து, அங்கே வேலை செய்தவர்களும் தனிமைக்குள் போக வேண்டி வந்தது. நிலவில் உயிர் இல்லை, அதனால் கேடு வரவில்லை. அப்போலோ 14க்குப் பிறகு தனிமையையே கைவிட்டார்கள்.

இதில் தெரிவது ஒன்று: வீரர்களின் உயிரா, பூமியின் பாதுகாப்பா என்று வந்தால், கண்முன் இருக்கும் மனிதரைத்தான் காப்பாற்றுவார்கள். அதைத் தவறு என்று சொல்ல மனம் வராது. ஆனால் செவ்வாயிலிருந்து வரும் வெறும் கல் மாதிரிக்கு, கசியும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்ற இலக்கு வைத்துத் திட்டமிட்டார்கள். அடுக்கடுக்கான உறைகள், எல்லாவற்றையும் சீல் வைத்து, உச்சக் கட்டுப்பாடுள்ள ஆய்வகத்தில்தான் திறப்பது. நுரையீரலில் செவ்வாய்த் தூசியோடு வரும் மனிதரை எந்த உறையில் போடுவது? திரும்பி வர ஆகும் ஆறேழு மாதமே ஒரு தனிமைதான், நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும் என்பார்கள். சரி, ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால்? அது பூமியிலிருந்தே போன கிருமியா, கதிர்வீச்சில் நலிந்த உடலின் கோளாறா, செவ்வாயுடையதா என்று கலத்துக்குள்ளேயே எப்படிச் சொல்வது? சொல்ல முடியாவிட்டால் அவர்களை இறங்க விடுவீர்களா? இந்தக் கேள்விக்குப் பதிலை அவர்கள் கிளம்பும் முன்பே எழுதி வைக்க வேண்டும். கலம் பூமியை நெருங்கும்போது யோசிக்க நேரம் இருக்காது.

செவ்வாய்க் கிருமி நமக்கு நோய் தருமா? பெரும்பாலும் தராது. நோய்க்கிருமியும் அது தாக்கும் உடலும் காலங்காலமாக ஒன்றையொன்று பார்த்து வளர்ந்தவை. முன்பின் பார்க்காத உடலில் புகுந்து பெருகுவது எளிதில்லை. சூழலில் பரவுவது வேறு விஷயம், அதற்கு நோய் தர வேண்டிய தேவையே இல்லை. வாய்ப்பு சிறியது, நடந்தால் திருப்பி எடுக்க முடியாது. இப்படிப்பட்டவற்றில் வாய்ப்பை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு: செவ்வாயின் கற்கள் ஏற்கெனவே பூமியில் விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. 1984இல் அண்டார்டிகாவில் கிடைத்த ஏஎல்எச் 84001 அப்படி ஒன்று. அதில் உயிரின் புதைபடிவம் இருப்பதாக 1996இல் அறிவித்துப் பெரிய பரபரப்பு ஆனது, பிறகு பெரும்பாலானவர்கள் அதை ஏற்கவில்லை. கற்கள் வந்தும் நமக்கு ஒன்றும் ஆகவில்லையே என்கிறார்கள். ஆனால் அந்தக் கல் 1.6 கோடி ஆண்டு வெற்றிடத்தில் கதிர்வீச்சில் காய்ந்துவிட்டு வந்தது. பனிக்கு அடியிலிருந்து எடுத்த ஈர மண், காற்றும் வெப்பமும் உள்ள கலத்தில் ஏழு மாதத்தில் வருவது அதுபோல இல்லை.

எந்த வரிசையில் செய்யலாம்?

மனிதர் போகவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நல்ல புவியியலாளர் ஒருவர் ஒரு நாளில் பார்ப்பதை ஊர்தி பார்க்க மாதங்கள் ஆகும். வரிசைதான் முக்கியம்.

1. முதலில் மாதிரியைக் கொண்டுவருவது. செயாவா ஃபால்ஸில் துளைத்தெடுத்த சஃபயர் கேன்யன் என்ற மாதிரி குழாயில் அடைபட்டு ஊர்தியிலேயே இருக்கிறது. அதை எடுத்துவரும் திட்டத்தின் செலவு 1,100 கோடி டாலர் வரை போகும், 2040 வரை இழுக்கும் என்று 2024இல் தெரிந்தது. 2026 நிதியாண்டுக்கான அமெரிக்க அரசின் வரவுசெலவு முன்மொழிவு அந்தத் திட்டத்தை நிறுத்தவே சொன்னது. அதே முன்மொழிவு மனிதரைச் செவ்வாய்க்கு அனுப்பும் முயற்சிக்குப் புதிதாகப் பணம் ஒதுக்கியது. வரிசை தலைகீழாகப் போகிறது என்று கவலைப்படக் காரணம் இருக்கிறது.

2. மனிதர் முதலில் செவ்வாயைச் சுற்றும் பாதையிலோ ஃபோபோஸ் நிலவிலோ நிற்பது. ஃபோபோஸ் செவ்வாயின் நிலத்துக்கு மேலே 6,000 கிலோமீட்டரில் சுற்றுகிறது. அங்கிருந்து தூய்மையான ஊர்திகளை நொடிப்பொழுதில் இயக்கலாம். கதிர்வீச்சு ஆபத்து குறையாது. ஆனால் இறங்கும் ஆபத்தும் மாசும் இல்லை.

3. இறங்குவதென்றால் எல்லை போட்டு இறங்குவது. மனிதர் நடமாடும் வட்டம் ஒன்று, தூய ஊர்தி மட்டும் போகும் வட்டம் இன்னொன்று. புழுதிப் புயலுக்கு எல்லை தெரியாது என்பதால் இது முழுத் தீர்வு ஆகாது.

4. கிளம்பும் முன்பே வீரர்களின் உடலிலும் கலத்திலும் உள்ள நுண்ணுயிர் அத்தனையின் மரபணுவையும் பட்டியலிடுவது. பின்னால் செவ்வாயில் ஏதாவது கிடைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதற்கு மற்றவற்றைவிடச் செலவு குறைவு, இன்றே தொடங்கலாம்.

மனிதப் பயணத்துக்கு இயந்திரங்களுக்கான விதி ஒத்துவராது என்பதை 2020 ஜூலையில் நாசாவே ஏற்று, தனி வழிமுறைகளை உருவாக்கத் தொடங்கியது. ஆனால் எண்ணிக்கையோடு கூடிய வரம்பு மனிதப் பயணத்துக்கு இன்னும் வரவில்லை. அரசு விண்வெளி நிறுவனங்கள் காஸ்பார் விதியை மதிப்பது வழக்கத்தாலும் ஒப்பந்தத்தாலும்; தனியார் கலங்களை அந்தந்த நாட்டு அரசு அனுமதித்து மேற்பார்வையிட வேண்டும் என்று அதே 1967 ஒப்பந்தம் சொல்கிறது. அந்த மேற்பார்வை எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பது அந்தந்த அரசின் கையில்.

இதற்கிடையே சீனா தியான்வென் 3 திட்டத்தை 2028இல் ஏவ இருக்கிறது. 2 மீட்டர் ஆழம் வரை துளைத்து எடுத்த மாதிரியோடு 2031 வாக்கில் அது திரும்ப வேண்டும். பெர்சிவியரன்ஸின் 43 குழாய்களில் ஐந்தில் கல் எதுவும் போடுவதில்லை. அவை சாட்சிக் குழாய்கள். ஊர்தி பூமியிலிருந்து தன்னோடு கொண்டுவந்த மாசு என்னென்ன என்பதைப் பதிவு செய்யவே அவற்றைச் செவ்வாயில் திறந்து, மூடி, சீல் வைக்கிறார்கள். மற்ற குழாய்களில் என்றைக்காவது உயிரின் தடம் கிடைத்தால், அது நம்முடையதா அங்கே உள்ளதா என்று சொல்லப் போவது அந்த ஐந்து குழாய்கள்தான்.